குளியலறையில் இரண்டு சிலிண்டர்கள்

அந்தக் குடியிருப்பில் குளியலறைக்குள் சிலிண்டர் வைத்திருந்த வீடு ஏசி மெக்கானிக்கின் வீடு ஒன்றுதான். மூன்றாவது மாடி, மொட்டைமாடிக்கு நேர் கீழே. வாளி வைக்க வேண்டிய மூலையில் ஈரச் சாக்கு போர்த்தி இரண்டு நிற்கும். ஒன்று நீல நிறத்தில் புதியது. மற்றது பல கை மாறி வந்த பழசு, கழுத்தில் பெயின்ட் உரிந்து துரு தெரியும்.

"குளிக்கப் போனா ரெண்டு ஆம்பளைங்க முக்காடு போட்டு உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு" என்று மெக்கானிக்கின் மனைவி சொல்வாள். நான்கு வருடம் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இந்தக் கோடையில் சிரிக்காமல் சொன்னாள்.

உள்ளே இருந்தது சமையல் எரிவாயு அல்ல. ஊரார் வீட்டு ஏசிகளிலிருந்து எடுத்த பழைய கேஸ். ஏசியின் குழாயைப் பிரித்து வேலை பார்க்க வேண்டுமென்றால் முதலில் உள்ளே இருக்கும் கேஸ் வெளியேற வேண்டும். அதற்குத் தொழிலில் எல்லோரும் செய்வது ஒன்றே ஒன்றுதான். நட்டைத் தளர்த்திவிட்டு நகர்ந்து நிற்பார்கள். உஸ்ஸென்று காற்றில் போகும். அது அடங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மெக்கானிக் இந்தத் தொழிலை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. ஒரு பட்டறை வாசலில் நின்று பார்த்து, கை வைத்து, ஷாக் வாங்கிக் கற்றுக்கொண்டவர். இருபத்தாறு வருடம் அவரும் நட்டைத் தளர்த்தினார், டீ குடித்தார்.

நான்கு வருடத்துக்கு முன்பு மெக்கானிக்குகளுக்கென்று ஒரு நாள் வகுப்பு நடந்தது. மதியச் சாப்பாடும் ஆளுக்கொரு நீலச் சிலிண்டரும் இலவசம் என்றதால் மனைவியின் தம்பி அவரை இழுத்துக்கொண்டு போனான். அவனும் இதே தொழில்தான், இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போவார்கள். மச்சான் தன் சிலிண்டரை அந்த வாரமே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். மெக்கானிக்கால் முடியவில்லை. காலையில் வகுப்பெடுத்தவர் சொன்ன ஒரு கணக்கு அவரைப் பிடித்துக்கொண்டது.

"இந்தக் கேஸ் ஒரு கிலோ காத்துல போனா, அதால பூமி எவ்வளவு சூடாகும் தெரியுமா? நீங்க உங்க பைக்ல உலகத்தையே ஒரு சுத்து சுத்தி வந்தா விடற புகை எவ்வளவோ, அவ்வளவு."

அன்று வீட்டுக்கு வந்து காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டார். ஒரு ஏசிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. வருடத்துக்குக் குறைந்தது நூற்றைம்பது. இருபத்தாறு வருடம். நாலாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் வந்தது. தாளை மனைவியிடம் நீட்டினார்.

"நாலாயிரம் தடவை உலகத்தைச் சுத்தினீங்களா? என்னை ஒரு தடவை கடல் பார்க்கக் கூட்டிட்டுப் போகத் துப்பில்ல" என்றாள்.

அவரும் சிரித்தார். ஆனால் மறுநாள் ஒரு வீட்டு பால்கனியில் மச்சான் நட்டைத் தளர்த்தியபோது அந்த உஸ் சத்தம் அவருக்கு வேறு மாதிரி கேட்டது. நட்டை மூடச் சொன்னார். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஒன்றைக் கழற்றி, இரண்டு குழாய் பற்றவைத்து, கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் ஒரு மெஷினை ஒரே வாரத்தில் அவரே செய்துவிட்டார். ஐந்து நிமிட வேலை அதிலிருந்து நாற்பது நிமிடம் ஆனது. வீட்டுக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மச்சானுக்கோ கொண்டாட்டம். "எங்க மாமா கேஸ் சேர்க்கிற உண்டியல். நிறைஞ்சதும் உடைச்சு ஆளுக்குக் கொஞ்சம் குடுப்பாரு" என்று போகிற இடமெல்லாம் சொன்னான். கடைவீதியில் உதிரிபாகம் விற்பவர்கள்கூட "வாங்க உண்டியல்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முன்னே விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாது, இனிமேல் இருப்பதையாவது விடாமல் இருக்கலாம் என்பதுதான் அவருடைய எண்ணம். பெரும்பாலான வேலைகளில் பிடிக்க முடியவில்லை. அவசரப்படுத்தினால், மின்சாரம் இல்லையென்றால், விட்டுவிட வேண்டியதுதான். முடிந்தபோதெல்லாம் பிடித்தார். நீலச் சிலிண்டர் நிறைந்ததும் பழசை வாங்கினார். அதுவும் நிறைந்தது.

இந்தக் கோடை அதற்கு முந்தைய கோடைகளைப் போல இல்லை. காலை எட்டு மணிக்கே தெருவில் செருப்பு தாரில் ஒட்டியது. மகள் குடியிருந்த பக்கம் ஆழ்குழாயில் தண்ணீர் அற்றுப்போய், ஆறு மாதக் குழந்தையுடன் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். இங்கே மட்டும் என்ன, மூன்று நாளைக்கு ஒரு முறை லாரி. வீட்டில் இருந்ததிலேயே குளிர்ச்சியான இடம் குளியலறை என்பதால்தான் சிலிண்டர்கள் அங்கே இருந்தன. அந்தச் சுவரும் இப்போது தொட்டால் சுட்டது. ஏசி கேட்டுப் போன் மேல் போன் வந்தது. சிலிண்டரில் இடமில்லாமல் மெக்கானிக் பாதி வேலைகளைத் தள்ளிப்போட்டார். ஒரு நாள் காலை இரண்டு சிலிண்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே பழைய கேஸ் வாங்கிக்கொள்ளும் நிலையத்துக்குப் போனார்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி எழுந்தே நின்றுவிட்டாள்.

"கேஸைத் திருப்பிக் குடுக்கவா வந்திருக்கீங்க? இந்த வருஷம் நீங்கதான் சார் ரெண்டாவது ஆள்."

"முதல் ஆள் யாரும்மா?"

"வழி கேட்க வந்தவர்."

அவருக்கு அவளைப் பிடித்துப்போனது. இரண்டு சிலிண்டரையும் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வந்தவர்போலத் துடைத்து முன்னே நிறுத்தினார். அவள் ஒரு சிறிய கருவியை வால்வில் பொருத்திப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"மூணு வகை இருக்கே இதுல."

"ஊர்ல மூணு வகை ஏசி இருக்கேம்மா."

"எல்லாத்தையும் ஒண்ணா கலந்துட்டீங்களே சார்."

"ஜெயில்ல போட்டப்புறம் எந்தத் திருடன் எந்த ரூம்ல இருந்தா என்ன?"

அவள் சிரிக்கவில்லை. "தனித்தனியா இருந்தா சுத்தம் பண்ணித் திரும்ப உபயோகிப்போம். கலந்ததைப் பிரிக்க எங்களால முடியாது. எரிச்சு அழிக்கலாம், அதுக்கான உலை இந்தப் பக்கம் எங்கயும் இல்ல. எங்க டாங்க்ல ஊத்துனா அதுல இருக்கறதும் சேர்ந்து கெட்டுடும். வகுப்புல இதைச் சொல்லியிருப்பாங்களே, மத்தியானம்?"

மத்தியானம் அவர் வகுப்பில் இல்லை. மருந்துக் கிடங்கு ஒன்றில் குளிர் அறை நின்றுவிட்டதென்று போன் வர, சாப்பிட்ட கையோடு சிலிண்டரை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டார். மச்சான் முழுக்க உட்கார்ந்திருந்தான், ஆனால் தூங்கினான்.

அவள் இரண்டையும் எடை போட்டாள். நீலத்தில் சரியான அளவு. பழசில் அவள் புருவம் ஏறியது.

"இதுல பத்து கிலோதான் போடலாம். பன்னெண்டு இருக்கு."

"எடை மெஷின் போன வருஷமே கெட்டுப்போச்சு. வெந்நீர் ஊத்தித் தடவிப் பார்ப்பேன். உள்ள எதுவரைக்கும் கேஸ் தண்ணியா நிக்குதோ அதுவரைக்கும் வெளிய சில்லுனு இருக்கும். முப்பது வருஷமா இந்தக் கை தப்புனதில்லம்மா."

"வெயில்ல விரியும் சார். விரிய இடமில்லன்னா..."

"தெரியும்" என்றார். தெரிந்தவர்தான். தெரிந்தும் கையை நம்பியிருந்தார். அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்துகொள்ள வேண்டிய குட்டி வால்வு அந்தப் பழசில் துருவேறி இறுகிக் கிடப்பதும் அவருக்குத் தெரியும்.

"காலிச் சிலிண்டர் ஒண்ணு குடுங்க. ரெண்டு கிலோவ மாத்திட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"கேட்டு எழுதியிருக்கோம். மூணு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"குளிர்ச்சியான இடமா பார்த்து வைங்க சார்." அதைச் சொல்லும்போது மின்சாரம் இல்லை, அவளே ஒரு விண்ணப்பத் தாளால் விசிறிக்கொண்டிருந்தாள்.

இரண்டையும் ஆட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தார். வழியிலேயே தெரிந்த மெக்கானிக்குகளுக்கெல்லாம் போன் செய்தார். வகுப்பில் கொடுத்த நீலச் சிலிண்டர் ஒருவரிடமும் இல்லை. ஒருவர் அதன் தலையை அறுத்துக் கரி அடுப்பு செய்திருந்தார். இன்னொருவர் "இன்னுமா அதை வெச்சிருக்க?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

வீட்டில் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மனைவி கேட்டது ஒரே கேள்வி.

"வெடிக்குமா?"

"சூடாகாம பார்த்துக்கிட்டா வெடிக்காது."

"எதை வெச்சு சூடாகாம பார்க்கறது? எச்சிலைத் துப்பியா?"

ஆனாலும் சாக்கின் மேல் தண்ணீர் ஊற்றினார்கள். காலையில் அரை வாளி, மதியம் அரை வாளி, சாயங்காலம் அரை வாளி. லாரி வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மனைவி குடத்துக்குள் கையை விட்டு ஆழம் பார்த்துவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுவதை நிறுத்தித் துணியை நனைத்துத் துடைத்தாள். துடைத்த துணியைப் பிழிந்து அந்தத் தண்ணீரையும் சாக்கின் மேல் ஊற்றினாள். மகள் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் காலை குழந்தையின் கழுத்து மடிப்பில் வேர்க்குரு சிவந்து வெடித்திருந்ததை அப்பாவிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"அப்பா, உங்க பேத்திக்கு ஊத்தத் தண்ணி இல்ல. அதுங்க ரெண்டும் நாளைக்கு மூணு வேளை குளிக்குது."

"அதைத் திறந்து விட்டா இவ பெரியவளானப்புறம்..."

"இவ முதல்ல பெரியவ ஆகட்டும்பா."

மகள் சொன்னதிலும் தப்பில்லை, அவர் சொல்ல வந்ததிலும் தப்பில்லை, இரண்டுக்கும் நடுவே தண்ணீர் மட்டும் இல்லை. குளியலறைக்குப் போய்ப் பழசில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். முள் இந்தச் சூட்டுக்கு இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அப்படி ஏறினால் ஒன்றுதான் அர்த்தம். உள்ளே விரிவதற்குத் துளி இடமில்லை. மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. மதிய வெயில் இனிமேல்தான் வர வேண்டும்.

"ரெண்டு கிலோ" என்றார் மனைவியிடம். "ரெண்டே ரெண்டு கிலோ மட்டும் விடறேன். மிச்சம் அப்படியே இருக்கட்டும்."

"விடுங்க. யாரு வேணாம்னா?"

"மொட்டைமாடிக்குக் கொண்டுபோறேன். இது காத்தைவிடக் கனம், கீழதான் இறங்கும், மூச்சடைக்கும். படிக்கதவைச் சாத்து. ஜன்னல் எல்லாத்தையும் சாத்து. குழந்தையைத் தூக்கிட்டு ரெண்டு பேரும் தெருவுக்குப் போயிடுங்க."

மகள் குழந்தையோடு இறங்கினாள். மனைவி இறங்கவில்லை. பழைய பேப்பர்காரரிடம் தொங்கு தராசை இரவல் வாங்கி வந்து கொடுத்தாள். ஈரப் போர்வையில் சுற்றிய சிலிண்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக அவர் ஏறுவதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மொட்டைமாடிக் கதவைச் சாத்தி, அதன் பின்னாலேயே நின்றுகொண்டாள்.

துணிக்கொடிக் கம்பியில் தராசைக் கட்டிச் சிலிண்டரைத் தொங்கவிட்டார். காற்று வரும் பக்கமாக நின்று வால்வைக் கால் திருகு திறந்தார். உஸ்ஸென்று வெளியேறியது. நான்கு வருடமாக எத்தனையோ பால்கனிகளில், எத்தனையோ பேரின் முணுமுணுப்புக்கு நடுவே நாற்பது நாற்பது நிமிடமாகச் சேர்த்தது. அவர் அதைப் பார்க்காமல் தராசின் முள்ளை மட்டுமே பார்த்தார். அரை கிலோ. ஒன்று. சிலிண்டரின் அடிப்பாகம் வியர்த்து, பின் வெளுத்தது. ஒன்றரை. இரண்டு.

மூடினார். உஸ் நிற்கவில்லை.

இன்னும் இறுக்கினார். திருகு கடைசிவரை போய் நின்றது. உஸ் நிற்கவில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் சூட்டில் காய்ந்து பிளந்திருக்க வேண்டும், அல்லது உறைபனி பிடித்துச் சரியாகப் பதியாமல் இருக்க வேண்டும். ஸ்பேனரை மாட்டி முழு பலத்தையும் கொடுத்தார்.

கதவுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது. "என்னங்க? ஆச்சா?"

"ஆகுது."

"ரெண்டு கிலோன்னீங்க. இவ்வளவு நேரமாவா ரெண்டு கிலோ?"

"வால்வு மூடல."

"மூடலன்னா விடுங்க. போய்த் தொலையட்டும். நீங்க இங்க வாங்க."

அவர் போகவில்லை. துண்டைச் சுற்றி வால்வின் வாயை அழுத்திப் பிடித்தார். துண்டு பலகைபோல விறைத்தது. அதை எறிந்துவிட்டு வெறும் உள்ளங்கையால் பொத்தினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கொதிக்கும் எண்ணெயில் கை விட்டதுபோலத் தெரிந்தது. விரல் இடுக்கில் பீறிட்டுக்கொண்டு போனது. நாற்பத்துநாலு டிகிரி வெயிலில், தரை காலைச் சுடச் சுட, அந்தச் சிலிண்டர் முழுக்க வெள்ளைப் பனி பூத்து நின்றது. மூன்று கிலோ, நான்கு கிலோ என்று முள் நகர்ந்துகொண்டே இருந்தது.

"ஐயோ, எதையாவது பேசுங்க!"

"கிட்ட வராத!" என்று கத்தினார். "கதவைத் திறக்காத!"

"நான் திறக்கல. நீங்க பேசிட்டே இருங்க. பேசலன்னா திறந்துடுவேன்."

அதனால் அவர் பேசினார். என்ன பேசுவதென்று தெரியாமல் தராசைப் படித்தார். "அஞ்சு கிலோ போச்சு" என்றார். "ஆறு." கதவுக்குப் பின்னால் அவள் "ம்" கொட்டினாள். "ஏழு." "ம்." எட்டுக்கு மேல் எண்ணுக்குப் பதில் இருமல்தான் வந்தது. அந்த இருமலுக்கும் அவள் "ம்" என்றாள். அழுகிறாரென்று அவளுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் அழுது அவள் கேட்டதில்லை.

பன்னிரண்டும் போன பிறகுதான் உஸ் நின்றது. வால்வு அப்போதும் மூடவில்லை, உள்ளிருந்து போவதற்குத்தான் இனி ஒன்றும் இல்லை. இன்னும் கால் மணி நேரம் அவளைக் கதவுக்குப் பின்னாலேயே நிற்கவைத்தார். பிறகு கதவைத் திறந்து வெளியே வந்தவள் அவர் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை மெழுகுபோல வெளுத்திருந்தது. மாடித் தொட்டியில் இருந்த கடைசித் தண்ணீரை மோந்து வந்து அதில் கையை முக்கினாள்.

"நல்ல தண்ணி அது" என்றார்.

"வாயை மூடுங்க."

"நீலத்துக்கு ஊத்தலாம். அது சரியாத்தான் இருக்கு, ஆனா சாக்கு காய்ஞ்சிருக்கும்."

உறைந்த கை இளகி வலி ஏற ஏற அவர் பல்லைக் கடித்தார். அவள் தண்ணீரை மாற்றாமல், கொட்டாமல், அவர் கையை அதிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மச்சான் போன் செய்தான். குழந்தைகள் வார்டு இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனை. ஏசி நின்று இரண்டு நாள் ஆகிறது, கம்ப்ரஸர் மாற்ற வேண்டும். கட்டுப் போட்ட கையுடன் மெக்கானிக் போனார். வார்டில் எட்டுக் கட்டிலில் பதினோரு பிள்ளைகள். தாய்மார்கள் அட்டைகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அழக்கூடத் தெம்பில்லாமல் ஒரு பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது. வார்டுப் பணியாளர் பின்னாலேயே வந்தார்.

"அண்ணே, எவ்வளவு நேரம் ஆகும்? டாக்டர் கேக்கறாரு."

பின்பக்கச் சந்தில், சுவரில் மாட்டியிருந்த வெளி யூனிட்டின் முன்னே மச்சான் ஸ்பேனரை நட்டில் வைத்துவிட்டு நின்றான். மாமாவின் கையைப் பார்த்தான். அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். வழக்கமாக வரும் கிண்டல் ஒன்றும் அவன் வாயில் வரவில்லை.

"மாமா, வேற எதுலயாவது பிடிக்கலாமா?"

"எதுல? நீலம் நிறைஞ்சிருக்கு, பழசு மூடாது."

"எதுலயாவது. லாரி ட்யூப்ல..."

"வெடிச்சுடும்டா."

"அப்ப?" மச்சான் ஸ்பேனரை எடுக்கவும் இல்லை, திருகவும் இல்லை. "நீங்க சொன்னாத்தான் நான் கழட்டுவேன்."

பணியாளர் சந்தின் முனையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, ஆரம்பிச்சாச்சா?"

மெக்கானிக் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தார். கேஸின் வகை, எடை, எல்லாம் அதில் இருந்தது. ஒரு கிலோ நூறு கிராம்.

"கழட்டு" என்றார்.

மச்சான் கழற்றினான். அடங்க ஏழு நிமிடம் ஆனது. சந்தை விட்டு வெளியே போய் நிற்கச் சொல்லி அவன் இரண்டு தடவை கையைக் காட்டினான். அவர் போகவில்லை.